நீச்சல் குளமும் மகளின் இரவு இருமலும்

கிருஷ்ணகிரியில் கூரை போட்ட ஒரு நீச்சல் குளத்தில் மகள் பயிற்சி பெறுகிறாள். மாதக்கணக்கில் இரவானால் வறட்டு இருமல். மருந்துக்குக் கேட்கவில்லை. நெடுஞ்சாலைத் தூசி என்று ஜன்னலை அடைத்தோம், தலையணையை மாற்றினோம். பலனில்லை.

பிறகுதான் ஒன்று பிடிபட்டது. கூட்டம் நெரியும் ஞாயிறு மாலைக்குப் பின்தான் இருமல் முற்றியது; விடியற்காலை நீந்திய நாட்களில் இல்லை. கரையில் நின்றால் லேசான நெடி. குனிந்து நீர்மட்டத்தில் முகர்ந்தால் கண் எரிந்தது. “நெடி அடித்தால் குளோரின் நன்றாக இருக்கிறது” என்றார் பராமரிப்பாளர். உண்மை நேர்மாறு. வியர்வை, சிறுநீருடன் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமினின் நெடி அது. நீந்துபவர் மூச்சிழுக்கும் உயரத்திலேயே தங்கும்.

சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தேன். மொத்தக் குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு), எதனுடனும் சேராமல் மீந்திருக்கும் குளோரின் 1. இந்த வித்தியாசம்தான் குளோரமின், 0.4க்குள் இருக்க வேண்டியது! பட்டையைக் காட்டியதும் நிர்வாகம் அசைந்தது. காற்றோட்டத்துக்கு ஷட்டர்கள் திறந்தன, நீரில் ஒரு பகுதி மாறியது, குளித்துவிட்டே இறங்க வேண்டும் என்றானது. இருமல் படிப்படியாக நின்றுவிட்டது.

நெடுங்காலம் பயிற்சி செய்யும் நீச்சல் வீரர்களிடம் ஆஸ்துமா கூடுதலாகக் காணப்படுகிறது. அதனால் ஷட்டர் மூடியிருக்கும் நாளில் அவளை நீரில் இறக்குவதில்லை.