ஜப்பானியப் பெண்களின் நாவல்கள்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஜப்பானியர்களே ஒரு மாதிரி" என்று புத்தகத்தை மூடிவைப்பதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. சயகா முராதாவின் 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் வுமன்' நாயகி கெய்கோவுக்கு 36 வயது. 18 வருடமாகக் கடையில் பகுதிநேர வேலை. கல்யாணமும் பிள்ளையும் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கு என்ன கோளாறு என்று தேடிக்கொண்டே படித்தால், அவளைத் துருவித் துருவிக் கேட்கும் தோழிகளின் வரிசையில் நாமும் போய் உட்கார்ந்துவிடுவோம்.

சட்டமும் வரலாறும் தெரியாமல் தீர்ப்புச் சொல்வது இன்னொரு தவறு. 2023-இல் ஜப்பானின் புகழ்பெற்ற இலக்கிய விருதான அகுதாகவா பரிசு பெற்ற சாவோ இச்சிகாவாவின் 'ஹன்ச்பேக்' நாவலுக்குத்தான் இதனால் அதிக அநியாயம் நடக்கிறது. நாயகி ஷாகா பிறவித் தசைநோயோடு வாழ்பவள். மற்றப் பெண்களைப் போலத் தானும் கர்ப்பமாகிக் கருவைக் கலைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வாசகரை அதிரவைக்க எழுதியது என்று இதை ஒதுக்காதீர்கள். ஜப்பானில் 1948 முதல் 1996 வரை, 'குறையுள்ள' பிள்ளைகள் பிறக்கக் கூடாது என்ற இனமேம்பாட்டுச் சட்டம் ஒன்று இருந்தது. கருக்கலைப்பை அனுமதித்த அதே சட்டத்தின் கீழ், ஊனமுற்றோர் உட்படச் சுமார் 25,000 பேருக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 16,500 பேரின் சம்மதம் இல்லாமலே. அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 ஜூலையில்தான். பிள்ளை பெறவே கூடாது என்று அரசு ஒதுக்கிவைத்த உடல், பெறுவதையும் மறுப்பதையும் தானே முடிவுசெய்யக் கேட்கிறது. இதைவிட நேர்மையான கோபத்தை நான் சமீபத்தில் படித்ததில்லை.

மியேகோ கவகாமியின் 'ப்ரெஸ்ட்ஸ் அண்ட் எக்ஸ்' (Breasts and Eggs) நாவலில், மார்பகத்தைப் பெரிதாக்கிக்கொள்ள நினைக்கும் மகிகோவை அழகுப் பைத்தியம் என்று தள்ளிவிடுவதும் அவசரம்தான். நாற்பதை நெருங்கும் வயதில், ஒசாகா மதுக்கூடத்தில் வேலை பார்த்துத் தனியாக மகளை வளர்ப்பவள் அவள்.

அவளுடைய மணமாகாத தங்கை நத்சுகோ உடலுறவு இல்லாமல் பிள்ளை பெற விரும்புகிறாள். "ஆஸ்பத்திரிக்குப் போகலாமே" என்று தோன்றும். கொடையாளர் விந்தணு மூலம் ஜப்பானில் முதல் குழந்தை 1949-இலேயே பிறந்துவிட்டது. ஆனால் மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் நெறிமுறைப்படி அந்தச் சிகிச்சை மணமான தம்பதிகளுக்கு மட்டுமே.

இதே நாவலில் வரும் யுரிகோவை விரக்தி பிடித்தவள் என்று கடந்துபோகவும் வேண்டாம், அவள் பேச்சையே ஆசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கொடையாளர் மூலம் பிறந்து, வீட்டிலேயே வன்கொடுமைக்கு ஆளானவள் அவள். யாரையும் கேட்காமல் ஓர் உயிரை எப்படி உலகுக்குக் கொண்டுவரலாம் என்கிறாள். 'என் உடல், என் உரிமை' என்ற பதில் இந்தக் கேள்விக்குப் போதாது. இங்கே பேச்சு இன்னொருவரின் உடலைப் பற்றியது.