கொழும்பு வீட்டில் பிளஷ் ஒழுங்காகப் போகவில்லையா? முதலில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்

கட்டுநாயக்காவில் இறங்கி, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் தேடுவது குளியலறையைத்தான். பிளஷை அழுத்தினால் தண்ணீர் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்கும். எங்கள் மாமி வீட்டில் அப்படித்தான் இருந்தது. கேட்டபோது, "அது கனநாளா அப்பிடித்தான் ராசா, ஒரு வாளி தண்ணி ஊத்தினாப் போயிடும்" என்றார். மாமிக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் வருத்தம். அன்றிரவு அவர் நிறைந்த வாளியை ஈரத் தரையில் இழுத்து இழுத்துக் கொண்டுபோனதைப் பார்த்த எனக்கு நித்திரை வரவில்லை. வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். நம் பெரியவர்கள் இதையெல்லாம் போனில் சொல்ல மாட்டார்கள். அதனால் போன இரண்டாம் நாளே நீங்களே பார்த்துச் செய்யுங்கள். கடைசி வாரத்துக்கு விட்டால் செய்யாமலே திரும்பிவிடுவீர்கள்.

பாஸை, அதாவது குழாய் வேலைக்காரரை, கூப்பிடும் முன் கோளாறு மேலே தண்ணீர்த் தொட்டியிலா, கீழே குழாயிலா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு மாமியின் வாளியே போதும். எட்டு, பத்து லீட்டர் தண்ணீரை இடுப்பளவு உயரத்திலிருந்து கொமட்டுக்குள் ஒரே வேகத்தில் ஊற்றுங்கள். எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு சுத்தமாகப் போனால் குழாய் சரி, கோளாறு தொட்டியில். தண்ணீர் மேலே ஏறி மெதுவாக வடிந்தால் அடைப்பு. ஏறத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

தொட்டிக் கோளாறென்றால் பெரும்பாலும் நீங்களே திருத்தலாம். மூடியை இரண்டு கையாலும் தூக்கித் துவாய் விரித்த தரையில் வையுங்கள். பீங்கான் மூடி உடைந்தால் பழைய மாடலுக்கு இன்னொன்று தேடுவது கஷ்டம். உள்ளே பாருங்கள், தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? வழிந்தோடும் குழாயின் வாய்க்கு இரண்டரை சென்ரிமீற்றர் கீழே நிற்க வேண்டும். மாமியின் தொட்டி பாதிதான் நிறைந்திருந்தது. மிதவையின் பித்தளைக் கம்பி கீழே வளைந்திருந்ததால் தண்ணீர் பாதி வந்ததுமே வால்வ் மூடிக்கொண்டது. கம்பியை மெல்ல மேலே வளைத்ததும் மட்டம் ஏறியது. பிளாஸ்ரிக் மிதவையென்றால் ஒரு திருகாணி இருக்கும், அதைத் திருப்பினால் போதும்.

ஆனாலும் கைப்பிடியை மூன்று தரம் அழுத்தினால்தான் தண்ணீர் இறங்கியது. கொழும்பின் பழைய வீடுகளில் கைப்பிடி வைத்த தொட்டிகளுக்குள் சைபன் என்ற கவிழ்த்த குழாய் இருக்கும். அதற்குள் தண்ணீரைத் தூக்கிவிட மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒன்று உண்டு. அது கிழிந்தால் இப்படித்தான் பம்ப் அடிக்க வேண்டிவரும். மாமியுடையதைக் கழற்றியபோது பழைய சொப்பிங் பை மாதிரி நடுவே பிளந்து, ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. இதை மாற்றுவது பாஸின் வேலை, ஏனென்றால் பல தொட்டிகளைச் சுவரிலிருந்தே கழற்ற வேண்டியிருக்கும். வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். காலி வீதி ஹார்ட்வெயார் கடைகளில் அதைக் காட்டினாலே பொருத்தமானதை எடுத்துத் தருவார்கள். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ பாகம் கொண்டுவர வேண்டாம், அளவு பொருந்தாமல் போகலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒன்பது லீட்டர் தண்ணீருக்குச் செய்த பழைய கொமட்டில் ஆறு லீட்டர் தொட்டியை மாட்டியிருந்தால், எவ்வளவு திருத்தினாலும் முழுதாகப் போகாது. இரண்டு பொத்தான் உள்ளதென்றால் பெரிய பொத்தானை அழுத்தச் சொல்லிக் கொடுங்கள். சின்னது மூன்று லீட்டர் அளவுதான் விடும்.

தொட்டி நிறையவே இல்லையென்றால் பக்கத்தில் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வ் முழுதாகத் திறந்திருக்கிறதா, மேல்மாடித் தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். தொடர்மாடியென்றால் காவலாளியிடம் பம்ப் போட்டாயிற்றா என்று கேளுங்கள். அந்தப் பகுதிக்கே தண்ணீர் இல்லையென்றால் நீர் வழங்கல் சபையின் 1939க்கு அழைக்கலாம்.

அடைப்பென்றால் முதலில் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டு, கைபொறுக்கும் சுடுதண்ணீர் ஊற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். கொதிநீர் வேண்டாம், பீங்கான் வெடிக்கும். பிறகு ரப்பர் பம்பால் இருபது தரம் அழுத்தி இழுங்கள். ஹார்பிக் போன்ற அமிலக் கழுவி ஊற்றிய இடத்தில் குளோரோக்ஸ் போன்ற பிளீச் ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. அப்புறம் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: பேபி வைப்ஸை கொமட்டில் போடவே வேண்டாம், பைக்கற்றில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஒரு கூடை வையுங்கள்.

ஒரு அறையில் மட்டுமல்லாமல் கீழ்த்தளம் முழுவதும் தண்ணீர் தேங்கி, குளுகுளுவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் கோளாறு. வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள் வருகிறது. நகரின் கழிவுநீர்க் குழாய்கள் நூறு வருடத்துக்கு மேல் பழையவை, அவை முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் முடிகின்றன. கொஞ்சம் தள்ளித் தெஹிவளைக்குப் போனால் பல வீடுகளில் செப்டிக் டாங்க்தான். தென்மேல் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறும்போது தாழ்வான இடங்களில், டாங்கிலிருந்து வரும் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கும் ஊறுகுழி அதை ஏற்காது. அப்போது கழிவை உறிஞ்சி எடுக்கும் மாநகர சபையின் கலி பவுசர் வண்டியைக் கேளுங்கள். குழியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், யாரையும் உள்ளே இறங்கவும் விடாதீர்கள். அந்த வாயுவில் மூச்சுத் திணறிச் செத்தவர்கள் உண்டு.

பாஸ் பெரும்பாலும் சிங்களத்தில்தான் பேசுவார். "வத்துர யன்னே நே" என்றால் தண்ணீர் போகவில்லை. "டேங்கியட்ட வத்துர என்னே நே" என்றால் தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை. வாளிச் சோதனையின் முடிவை இப்படிச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. கூலியையும் சாமான் காசையும் வேறுவேறாகப் பேசிக்கொள்ளுங்கள். ஏப்ரல் புத்தாண்டுக் காலத்தில் பலரும் ஊருக்குப் போய்விடுவார்கள், அதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

உங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்புவதாக இருந்தால் ஆங்கிள் வால்வை மூடி, கொமட்டில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது, குழாய் நாற்றமும் வீட்டுக்குள் ஏறாது.