வகுக்காமலே பகா எண் கண்டுபிடிக்கலாம்: 127-ஐ வைத்து ஒரு கைக்கணக்கு

2024 அக்டோபரில் கிம்ப்ஸ் என்ற தன்னார்வலர் திட்டத்தின் வழியே லூக் டூரன்ட் கண்டுபிடித்த பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள். ஆனால் அதை எழுதுவது சுலபம்: 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கு, அதில் 1 குறைவு. இப்படி 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்து வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். இவ்வளவு பெரிய எண்ணை 3, 5, 7 என்று வகுத்துக்கொண்டே போனால் ஆயுள் போதாது. அதற்கென்றே ஒரு சோதனை உண்டு: லூக்காஸ்-லெமர் சோதனை. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அடுக்கைப் பாருங்கள். அதுவே பகா எண்ணாக இல்லையென்றால் மேலே போக வேண்டாம். அடுக்கு 15 என்றால் வரும் 32,767, 7-ஆலும் 31-ஆலும் வகுபடும். நாம் அடுக்காக 7-ஐ எடுப்போம். 128 − 1 = 127.

படி 2: 4-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கையில் உள்ள எண்ணை வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 127-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட 2 குறைவான சுற்றுகள், அதாவது 5.

சுற்று 1: 16 − 2 = 14
சுற்று 2: 196 − 2 = 194, மீதி 67
சுற்று 3: 4489 − 2 = 4487, மீதி 42
சுற்று 4: 1764 − 2 = 1762, மீதி 111
சுற்று 5: 12321 − 2 = 12319, மீதி 0

கடைசியில் 0 வந்தால் பகா எண். வேறு எது வந்தாலும் பகு எண். தொடங்கிய 4-ஐச் சுற்றாக எண்ணாதீர்கள். நான் முதல் தடவை ஒரு சுற்று அதிகம் போட்டு, 125 வந்து, 127-க்கு வகுஎண் தேடிக்கொண்டிருந்தேன்!

மீதி எடுப்பதில்தான் எனக்குப் பிடித்த வித்தை இருக்கிறது. 127-ஆல் வகுக்கவே வேண்டாம், 128-ஆகப் பிரித்தால் போதும். 4487-இல் 35 தடவை 128 போக 7 மிஞ்சும். 35 + 7 = 42, அதுதான் மீதி. ஒவ்வொரு 128-லும் ஒரு 127 போக 1 மிஞ்சுகிறது அல்லவா, அந்த 35 ஒன்றுகளைத்தான் கூட்டினோம். கணினிக்கு எல்லாமே 2-இன் அடுக்குகள் என்பதால், வெட்டிக் கூட்டுவதோடு வேலை முடிந்துவிடும்.

சரி, பகு எண் என்று தெரிந்துவிட்டால் அதன் காரணிகள்? அதைச் சோதனை சொல்லாது. அடுக்கு 67-க்கான எண் பகு எண் என்று 1876-லேயே எட்வார்ட் லூக்காஸ் காட்டிவிட்டார். அது 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கி வருவது என்று ஃபிராங்க் நெல்சன் கோல் 1903-இல்தான் காட்டினார்.

அடுத்து அடுக்கு 11-ஐ நீங்களே போட்டுப் பாருங்கள். எண் 2047, ஒன்பது சுற்று. மூன்றாவதில் 788, கடைசியில் 1736 வர வேண்டும்.