பஞ்சு பறக்கும் இடத்தில் ஃபைபர் பேட்ச் கார்டு மாற்றுவது எப்படி

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 11 வருடமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் கட்டடத்தில் இருக்கும் சர்வர் ரூமிலிருந்து ப்ளோ ரூம், கார்டிங், ரிங் ஃபிரேம், ஆட்டோ கோனர், குடோன், எடைமேடை என்று ஆறு இடத்துக்கு ஃபைபர், அதாவது ஒளி போகும் கண்ணாடி இழை கேபிள், போகிறது. ஒவ்வொரு இடத்திலும் சுவரில் ஒரு சின்ன ரேக், அதில் கேபிள் வந்து முடியும் எல்.ஐ.யூ. பெட்டி, ஒரு ஸ்விட்ச், இரண்டையும் இணைக்கும் மஞ்சள் பேட்ச் கார்டு. இந்தப் பேட்ச் கார்டை மாற்றுவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கழற்றிச் சொருக இரண்டு நிமிடம் போதும். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற அரை மணி நேர வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் விட்டேன். ரிங் ஃபிரேம் ரேக்கில் எலி கடித்த ஒரு கார்டை எடுத்துவிட்டு, பாக்கெட்டைப் பிரித்துப் புதியதை அப்படியே சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது, கிளம்பிவிட்டேன். அன்று இரவே மெஷின்களிலிருந்து வரும் உற்பத்திக் கணக்கு விட்டு விட்டு வர ஆரம்பித்தது. எஸ்.எஃப்.பி. (ஸ்விட்சில் சொருகும், ஒளியை அனுப்பி வாங்கும் சின்ன மாட்யூல்) கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். அப்போதும் சரியாகவில்லை. மூன்றாம் நாள், கேபிள் ஜாயின்ட் அடிக்க வந்த அண்ணன் ஒருவர் முனையைப் பெரிதாக்கிக் காட்டும் தன் ஸ்கோப்பை அந்தக் கார்டின் முனையில் வைத்துத் திரையை என் பக்கம் திருப்பினார். வட்டத்தின் நட்ட நடுவில், கோடு கிழித்த மாதிரி ஒரு பஞ்சு இழை கிடந்தது. சிங்கிள் மோட் ஃபைபரில் ஒளி போகும் கோர் 9 மைக்ரான். ஒரு பஞ்சு இழையின் தடிமன் 12 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். எங்கள் மில்லில் காற்றில் பறக்கிற ஒற்றை இழை போதும், பாதையை முழுவதும் அடைத்துவிட. அவர் துடைத்துச் சொருகியதும் ஒளியின் அளவை மைனஸ் 19.6 டிபிஎம் என்று காட்டிக்கொண்டிருந்த மீட்டர் மைனஸ் 6.9-க்கு வந்தது. அதாவது அந்த மூன்று நாளும் வரவேண்டிய ஒளியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த எலக்ட்ரீஷியன் தம்பி ஒரு நாள் கழற்றிய முனையை முகத்துக்கு நேராகத் தூக்கி, "அக்கா, இதுல லைட்டே வரலையே" என்றான். கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். நாங்கள் ஓட்டுவது 1310 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. 1550-ம் அப்படித்தான். ஒளி வந்தாலும் வராவிட்டாலும் முனை ஒரே மாதிரி இருட்டாகத்தான் இருக்கும். கரண்ட் இல்லாத வயர் என்று நினைத்துப் பழகிய கைக்கு இது புரியக் கொஞ்ச நாள் ஆகும். சாதாரண எஸ்.எஃப்.பி.-க்கள் கிளாஸ் 1 லேசர்தான், பயப்படும் அளவுக்குப் பவர் கிடையாது, உண்மை. ஆனால் கையில் இருக்கும் கார்டின் மறுமுனை எங்கே போகிறது என்பது பல நேரம் நமக்கு உறுதியாகத் தெரியாது. அதே ரேக்கில் வெளியிலிருந்து வரும் லைன் இருந்தால், அதற்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் இருக்கலாம். கேபிள் டிவி லைன்களில் 1550-ல் நல்ல பவர் ஓடும். அதனால் எந்த முனையையும் முகத்துக்கு நேராகப் பிடிப்பதில்லை, தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோதான் பிடிப்பது. பூதக்கண்ணாடி, கண்ணை வைத்துப் பார்க்கும் பழைய மைக்ராஸ்கோப் இரண்டும் ஒளி ஓடும் முனைக்குக் கிட்டவே வரக்கூடாது. அவை ஒளியைக் குவித்துக் கண்ணுக்குள் அனுப்பிவிடும். படத்தைத் திரையில் காட்டும் ஸ்கோப் வாங்குங்கள்.

மொபைல் கேமராவில் பார்த்தால் தெரியும் என்று சொல்வார்கள். 850 நானோமீட்டர் ஓடும் மல்டிமோடில் (கோர் தடித்த ஃபைபர்) சில போன்களில் மங்கலாகத் தெரியும். 1310-ம் 1550-ம் போன் கேமராவுக்குத் தெரியவே தெரியாது. கேமராவில் ஒன்றும் இல்லை என்பதை நம்பி முனையைக் கண் அருகே கொண்டு போகாதீர்கள். ஒளி இருக்கிறதா என்று கேட்க வேண்டியது பவர் மீட்டரிடம்தான். ஃபைபர் எங்கே உடைந்திருக்கிறது என்று தேடச் சிவப்பு ஒளி அடிக்கும் பேனா டார்ச்சும் லேசர்தான், கடைகளில் 10, 30 மில்லிவாட் என்று கிடைக்கிறது. அதைச் சொருகியிருக்கும்போது மறுமுனையில் யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

சரி, கார்டை மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். ஸ்விட்சுக்குள் போய் அந்தப் போர்ட்டின் ஒளி அளவைப் படியுங்கள், பெரும்பாலான எஸ்.எஃப்.பி.-க்கள் அனுப்பும் பவர், வாங்கும் பவர் இரண்டையும் சொல்லும். இரண்டு முனையிலும் படித்து எழுதிக்கொள்ளுங்கள். எண் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரவர ஒளி அதிகம். 3 டிபி குறைந்தால் பாதி ஒளி போய்விட்டது, 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். வாங்கும் பவர், ஒரு ஜிகாபிட் எல்.எக்ஸ். வகை எஸ்.எஃப்.பி.-க்கு மைனஸ் 19 வரை, 10 ஜிகாபிட் எல்.ஆர். வகைக்கு மைனஸ் 14.4 வரை தாங்கும். அந்த எல்லைக்குப் பக்கத்தில் நின்றால் ஏதோ பிரச்சினை. என் அனுபவத்தில் பாதி நேரம் துடைத்தாலே சரியாகிவிடுகிறது, கார்டை மாற்ற வேண்டியதே இல்லை. எலி கடித்தது, கதவில் நசுங்கியது, லாக் உடைந்தது என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் வயர் சிங்கிள் மோட். ஆரஞ்சு, நீலப்பச்சை இரண்டும் மல்டிமோட், கோர் 50 அல்லது 62.5 மைக்ரான். இவற்றைக் கலக்கக் கூடாது. அடுத்தது கனெக்டரின் நிறம். சிங்கிள் மோடில் நீலம் யு.பி.சி., பச்சை ஏ.பி.சி. பச்சையின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கும். நீலத்துக்குள் பச்சை போகும், சொருகினால் உட்காரவும் செய்யும். அங்கேதான் ஆபத்து. முனைகள் முழுதாகத் தொடாமல் ஒளி வீணாகும், தேய்ந்து கெட்டும் போகும். எங்கள் எல்.ஐ.யூ.-வில் எஸ்.சி. என்ற பெரிய கனெக்டர், ஸ்விட்சில் எல்.சி. என்ற சின்ன கனெக்டர், அதனால் எஸ்.சி. டு எல்.சி. டூப்ளெக்ஸ் (அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என இரட்டை வயர்) 3 மீட்டர் கார்டுதான் ஸ்டாக்கில் வைத்திருக்கிறேன். உங்கள் ரேக்கைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அப்புறம் லேபிள். ஒரு முறை இரவு ஷிப்டில், லேபிள் இல்லாத இரண்டு கார்டுகளில் தவறானதை உருவிவிட்டேன். எடைமேடை லிங்க் விழுந்தது, பஞ்சு லாரிகள் இருபது நிமிடம் கேட்டில் நின்றன. அன்றிலிருந்து உருவும் முன் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டி, போனில் ஒரு படமும் எடுத்துவிடுகிறேன். ஷிப்ட் சூப்பர்வைசரிடமும் சொல்லிவிடுகிறேன். பிறகு ஸ்விட்சில் அந்தப் போர்ட்டை ஷட் செய்யுங்கள், அதாவது செட்டிங்கில் அணைத்துவிடுங்கள். பெரும்பாலான ஸ்விட்ச்களில் லேசர் நின்றுவிடும். ஆனால் இது உங்கள் பக்கத்து லேசர் மட்டும். மறுமுனையில் இருக்கும் ஸ்விட்ச் இன்னும் உங்களை நோக்கி ஒளி அடித்துக்கொண்டுதான் இருக்கும். அங்கேயும் ஷட் செய்த பிறகுதான் கை வையுங்கள்.

உருவும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், கனெக்டரின் உடலைப் பிடியுங்கள். எல்.சி.-யில் மேலே இருக்கும் நாக்கை அழுத்தி, நேராக இழுத்தால் வந்துவிடும். எஸ்.சி.-யில் அழுத்த எதுவும் கிடையாது, நேராக இழுத்தால் போதும். வெளியே வந்த அந்த நொடியே போர்ட்டுக்கு டஸ்ட் கேப் போட்டுவிடுங்கள். எங்கள் ரிங் ஃபிரேமில் அரை நிமிடம் திறந்திருந்தால் பஞ்சு உள்ளே போய்விடும்.

இப்போது துடைப்பது. நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். புதுக் கார்டு சுத்தமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். பாக்கெட்டிலிருந்து வந்ததையும் ஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன், டஸ்ட் கேப்பின் உட்புறத்திலிருந்தே அழுக்கு ஒட்டியிருந்தது. அதனால் முதலில் பார், துடை, மறுபடி பார், சுத்தமாக இருந்தால் சொருகு. துடைக்க டிக் என்று அழுத்தும் கிளீனர் பேனா இருக்கிறது. எல்.சி.-க்கு 1.25 மில்லிமீட்டர், எஸ்.சி.-க்கு 2.5 மில்லிமீட்டர், இரண்டும் வாங்கி வையுங்கள். முனையில் நேராகப் பொருத்தி ஒரு டிக் சத்தம் வரும்வரை அழுத்தினால் உள்ளே ஒரு மெல்லிய நாடா நகர்ந்து துடைத்துவிடும். ஒன்று அல்லது இரண்டு தடவை போதும். எண்ணெய்க் கறை போகவில்லை என்றால் 99 சதவீத ஐசோ புரோபைல் ஆல்கஹாலை இழை விடாத துடைப்பானில் ஒரு சொட்டு விட்டு ஒரே திசையில் இழுத்து, காய்ந்து திட்டாவதற்குள் உலர்ந்த பகுதியால் இன்னொரு முறை துடையுங்கள். எஸ்.எஃப்.பி.-யின் வாய்க்குள் ஆல்கஹால் விடவேண்டாம், அங்கே பேனா மட்டும்.

மில்லில் எல்லோர் கையிலும் பனியன் வேஸ்ட் இருக்கும், எதைத் துடைக்கவும் அதுதான். இங்கே அது வரவே கூடாது, ஒவ்வொரு தடவையும் நாலு இழையை விட்டுவிட்டுப் போகும். சட்டை நுனி, துப்பட்டா நுனி, வாயால் ஊதுவது, எல்லாமே அப்படித்தான். மெஷின் சுத்தம் செய்யும் ஏர் கன்னை ரேக்குக்குள் அடிக்க வந்த ஒரு அண்ணனைப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். கம்ப்ரசர் காற்றில் எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் வரும். அவருக்கு அது பழக்கம், நல்ல எண்ணத்தில்தான் வந்தார். அந்த ரேக் கதவில் "ஏர் அடிக்காதே" என்று எழுதி ஒட்டினேன், இன்றுவரை யாரும் அடிக்கவில்லை. மறந்துவிடக் கூடாத இன்னொன்று: கார்டின் முனையை மட்டும் துடைத்தால் போதாது. எல்.ஐ.யூ. அடாப்டருக்கு உள்ளே இருக்கும் முனையையும் துடைக்க வேண்டும். ஒரு பக்கம் அழுக்கு இருந்தால் சொருகிய அழுத்தத்தில் அது மறுபக்கத்திலும் பதிந்துவிடும்.

சொருகும்போது கிளிக் சத்தம் கேட்க வேண்டும். பிறகு ஷட் செய்த இரண்டு போர்ட்டையும் திறந்துவிடுங்கள். விளக்கு எரியவில்லை என்றால் பதறாதீர்கள், அனுப்புவதும் வாங்குவதும் இடம் மாறியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் கிளிப்பிலிருந்து கழற்றி மாற்றிச் சொருகினால் வந்துவிடும். எஸ்.எஃப்.பி.-யின் மேல் இருக்கும் அம்புக்குறி எது வெளியே, எது உள்ளே என்று காட்டும். இரண்டு முனையிலும் அளவைப் படித்து முதலில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். பச்சை விளக்கு எனக்கு அத்தாட்சி இல்லை, எண்தான் அத்தாட்சி.

மிச்ச வயரைச் சுருட்டும்போது காபி டம்ளரின் வாயளவு வட்டம் வையுங்கள், குறுக்கு 6 சென்டிமீட்டர். அதைவிடச் சின்னதாக மடக்கினால் சாதாரண ஃபைபரில் ஒளி வளைவில் கசியும். ஜி.657 ஏ1 வகை 10 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும், இடம் இல்லாத ரேக்குக்கு அதை வாங்கலாம். கட்ட வெல்க்ரோ பட்டை போடுங்கள். பிளாஸ்டிக் டையை இறுக்கினால் அந்த இடத்திலேயே நசுங்கும்.

எலி கடித்துக் கண்ணாடி வெளியே தெரிந்த கார்டு என்றால் இன்னும் கவனம். ஃபைபரின் தடிமன் 125 மைக்ரான், உடைந்த துண்டு ஊசியைவிடக் கூர்மை, கண்ணாடி நிறமில்லாததால் தரையில் தெரியாது. ஜாயின்ட் அடிக்கும் தம்பி ஒருவருக்குக் கட்டைவிரலில் ஏறி, எடுக்க லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, கறுப்புத் துணியையோ ரெக்ஸினையோ விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். விழுந்த துண்டுகளைச் செல்லோ டேப்பில் ஒற்றி எடுத்து மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். கை கழுவும்வரை கண்ணைத் தொடக் கூடாது, அந்த மேஜையில் டீயும் கூடாது. கழற்றிய கார்டின் கடித்த இடத்தில் டேப் சுற்றி, இரண்டு முனையிலும் சிவப்பு டேப் ஒட்டுகிறேன், யாராவது நல்லது என்று நினைத்து மறுபடி சொருகிவிடக் கூடாது.

கடைசியாக, ரேக் கதவின் உள்பக்கம் ஒரு சின்ன நோட்டு தொங்குகிறது. தேதி, போர்ட், மாற்றும் முன் இருந்த அளவு, மாற்றிய பின் வந்த அளவு, கார்டின் நீளம் எல்லாம் அதில். போன வாரம் ரிங் ஃபிரேமுக்கு எழுதியது: முன் மைனஸ் 13.1, பின் மைனஸ் 6.7.