பூட்டிக் கிடந்த பத்மினி காரை வாங்கி ஓட வைப்பது எப்படி? முதல் முறை வாங்குவோருக்கான செய்முறை

செட்டிநாட்டில் பழைய கார் என்றால் பெரும்பாலும் நின்றுபோன கார்தான். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்று வந்தால்தான் வீடு திறக்கும். கார் கொட்டகையில் பத்துப் பதினைந்து வருஷமாகத் துணி போர்த்தியபடி ஒரு பிரீமியர் பத்மினி நிற்கும். "நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி தம்பி, பேட்டரி போட்டாக் கிளம்பிரும்" என்பார் வீட்டைப் பார்த்துக்கொள்பவர். அந்தப் பேட்டரியை அன்றைக்குப் போடவே கூடாது.

முதல் காருக்கு என் சிபாரிசு பத்மினி. அம்பாசிடர் உறுதியானதுதான், ஆனால் அதன் போல்ட்டுகளில் பெரும்பாலானவை அங்குல அளவு. ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அப்படியே, பாகம் கிடைப்பதும் சிரமம். பத்மினி இத்தாலி ஃபியட் 1100 வழி வந்ததால் மில்லிமீட்டர் அளவு. 8 முதல் 19 வரை ஒரு ரிங் ஸ்பேனர் செட் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். 2023 வரை மும்பையில் டாக்சியாக ஓடியதால் உதிரிபாகங்களும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

காகிதம் முதலில்

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் காலமான ஐயா பெயரில் இருக்கும். அப்படியானால் வழக்கமான பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி வேலையை முடித்துவிட முடியாது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் வைத்துப் படிவம் 31 மூலம் ஒரு வாரிசு பெயருக்கு வண்டி மாற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். அதன் பிறகுதான் அவர் உங்களுக்கு விற்க முடியும். வாரிசு ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் இதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஆகவே முன்பணம் சிறியதாக இருக்கட்டும், மீதியைப் பெயர் மாறிய பிறகு கொடுங்கள்.

சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சில் தேய்ப்பு எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பதிவு காலாவதியாகியிருந்தால் வண்டி ஓடும் நிலைக்கு வந்த பிறகு படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும், அது ஐந்து வருஷத்துக்குச் செல்லும். 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த 'விண்டேஜ்' பதிவும் உண்டு. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் VA என்ற எழுத்து வரும். ஆனால் அந்தப் பதிவில் வண்டியைத் தினப்படிக்கு ஓட்டக்கூடாது. பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் ஆசையாக ஓட்டிப் போக நினைப்பவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

பாடி

ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு கதவுக்குக் கீழுள்ள பட்டை, சக்கர வளைவு, டிக்கியின் தரை, பேட்டரித் தட்டின் அடி என்று வரிசையாக வையுங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. நம் பக்கத்துக் காற்று வறண்டது. கடற்கரை ஊர் வண்டிகளைவிட இங்கே துரு குறைவாகவே இருக்கும். ஆனால் வெயிலும் வறட்சியும் ரப்பரைத் தின்றுவிடும். பீடிங் (கதவு, கண்ணாடி ஓர ரப்பர்), ஹோஸ், பெல்ட் எதையும் பழையதோடு நம்பாதீர்கள். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறேழு வயதுக்கு மேல் ஆன டயரில் சாலைக்குப் போகாதீர்கள்.

எஞ்சினைக் கையால் சுற்றுங்கள்

ஏர் ஃபில்டரைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா பாருங்கள், பல வண்டிகளில் இருக்கும். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளுங்கள். நகர்ந்தால் நல்லது. நகராவிட்டால் மேலும் ஆயில் விட்டுக் காத்திருங்கள், பலம் காட்டாதீர்கள். சுற்றத் தொடங்கியதும் பழைய ஆயிலை வடித்து 20டபிள்யூ-40 தர எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள்.

பிரேக்

பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். பத்து வருஷத்தில் வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். நான்கு சக்கரத்துக்கும் வீல் சிலிண்டர் கிட் (உள்ளே போகும் ரப்பர் பாகங்கள்) மாற்றுங்கள், ஹோஸ்களையும் கட்டாயம் மாற்றுங்கள். வெளியே புதிதுபோல் தெரியும் ஹோஸ் உள்ளே உப்பியிருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பாது. சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடிச் சூடேறும். ஏர் எடுக்கும் (பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்) வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

பெட்ரோல் டேங்க்: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

பழைய பெட்ரோலை வடித்து, புது ஃபில்டர் போட்டு, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து ஸ்டார்ட் செய்வார்கள். வண்டி அழகாகக் கிளம்பும். நாலைந்து கிலோமீட்டரில் இழுவை குறைந்து நின்றுவிடும். பத்து நிமிஷம் கழித்துச் சாவி போட்டால் மறுபடி கிளம்பும். மறுபடி நிற்கும். உடனே கார்புரேட்டரைக் குறை சொல்லி மூன்று முறை கழற்றுவார்கள்.

குற்றம் அங்கே இல்லை. டேங்க் அடியில் படிந்த துருத்தூள், உறிஞ்சும் குழாய் வாயில் போய் அப்பிக்கொள்கிறது. எஞ்சின் நின்றால் உறிஞ்சல் நின்று தூள் கீழே உதிரும். அதனால்தான் ஓய்வு கொடுத்தால் வண்டி மறுபடி ஓடுகிறது. உறுதி செய்ய ஒரு வழி உண்டு. வண்டி திக்கும்போது டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, அதைச் சரிசெய்தாலே போதும். சத்தம் இல்லையென்றால், திறந்த வெளியில், பக்கத்தில் தீயணைப்பானும் துணைக்கு ஒருவரும் இருக்க, சுத்தமான சிறு கேனிலிருந்து நேராக எஞ்சினில் உள்ள பம்புக்குப் பெட்ரோல் கொடுத்துப் பாருங்கள். அரை மணி நேரம் திக்காமல் ஓடினால் குற்றம் டேங்க் பக்கம்தான்.

டேங்கைக் கழற்றி வடித்து, ஒரு துண்டு சைக்கிள் செயினும் ஒரு லிட்டர் வினிகரும் போட்டுக் குலுக்கி, ஒரு இரவு விடுங்கள். மறுநாள் செயினை எடுத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் ஈரமே இல்லாமல் காயவைத்து, உடனே கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு உள்ளே சுழற்றுங்கள். கடைசி வேலையைத் தள்ளிப்போட்டால் மாலைக்குள் புதுத்துரு பூத்துவிடும். பெட்ரோல் டேங்கில் வெல்டிங் பற்றவைப்பு எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். மிச்ச ஆவி ஒன்றே வெடிக்கப் போதும்.

முதல் ஸ்டார்ட்

இப்போது பேட்டரி. பிளக் போடாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் விளக்கு அணையும் வரை பாருங்கள். டிஸ்டிரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட்டின் இடைவெளி 0.45, பிளக் இடைவெளி 0.6 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து வையுங்கள். பிளக் ஒயர் வரிசை, அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசை, 1-3-4-2. ரேடியேட்டரில் போர் தண்ணீர் வேண்டாம். சிலிண்டர் ஹெட் அலுமினியம், உப்புத் தண்ணீர் அதை அரிக்கும், சூடேறினால் வளைந்துவிடும். கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

பிறகு

வாரம் ஒருமுறை இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். கொட்டகையிலேயே ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பது கெடுதல், ஆயிலில் ஈரம் சேரும். முன் சக்கர கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) நிப்பிள்களில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். நம் ஊர்ச் செம்புழுதி பழைய கிரீஸில் கலந்தால் உப்புத்தாள்போல் தேய்க்கும். செந்நிறமாகப் பிதுங்குவது நின்று சுத்தமான கிரீஸ் வரும்வரை கிரீஸ் கன்னை அழுத்துங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நிறுத்துபவர்கள் அடியில் மணல் தட்டு வையுங்கள். ஆயில் ஊறிய கல்லைப் பிறகு மீட்க முடியாது. போர்த்துவதற்குப் பிளாஸ்டிக் வேண்டாம், பருத்தித் துணி போதும்.

பின்னர் சேர்த்தது: எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். பழைய ரப்பர் ஹோஸும் பம்பின் டயஃப்ரமும் (உள்ளே அசையும் சவ்வு) அதில் ஊறி இளகும். எத்தனால் தாங்கும் ஹோஸ், டயஃப்ரம் என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள்.

இன்னொன்று: சித்திரை வெயிலில் மட்டும் நிற்கிறது என்றால் அது டேங்க் தூள் இல்லை, பம்பில் பெட்ரோல் ஆவியாகிறது. ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டதும் கிளம்பினால் அதுதான். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள, சூட்டைத் தடுக்கும் தடித்த தட்டை யாரோ முன்பே கழற்றி எறிந்திருக்கலாம், அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விடிகாலைக் குளிரிலும் நிற்கும் வண்டிக்கு மறுபடி டேங்க்தான்.