குளக்கோட்டன் வழியே ஒரு நாள்: திருகோணமலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று

திருகோணமலையில் நண்பர்கள் நால்வர் ஐவர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால், பெரும்பாலும் நிலாவெளிக் கடற்கரையோடு நின்றுவிடுகிறார்கள். இங்கே சொல்லப்போவது வேறு வழி. கன்னியா, தம்பலகாமம், கந்தளாய், சேருநுவர, மூதூர், கிண்ணியா என்று வட்டமாகச் சுற்றி இருட்டுமுன் நகரத்துக்குத் திரும்பும் ஏறத்தாழ 150 கிலோமீற்றர்ப் பயணம் இது. தூரம் பெரிதல்ல என்றாலும், இறங்கிப் பார்க்கவேண்டிய இடங்கள் பல இருப்பதால் முழு நாளையும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

மாசியும் பங்குனியும் இதற்கு உகந்த மாதங்கள். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை வயலையும் வீதியையும் ஒன்றாக்கிவிடும்; வைகாசிக்குப் பின்னர் வீசும் கச்சான் காற்று, திறந்த வயல்வெளிகளில் பாரம் குறைந்த வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஆனால் மாசி, பங்குனி அறுவடைக் காலமும் ஆகும் என்பதால், வீதியோரத்தில் காயப்போட்டிருக்கும் நெல்லைக் கவனிக்க வேண்டும். நெல்மணியின் மேல் முன் பிரேக்கை அழுத்துவது மணலில் அழுத்துவதைவிட மோசமானது. ஒருமுறை தம்பலகாமத்தில் நான் அப்படி விழுந்தேன். என் முழங்காலைப் பார்ப்பதற்கு முன் சிந்திய நெல்லைக் கூட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று, அதுவே நியாயமும்.

வண்டி 125 சிசி இருந்தாலே போதும். முதல் நாளே செயினை இறுக்கி எண்ணெய் விட்டு, ரயர்களுக்குக் காற்றடித்து, இரண்டு பிரேக்கையும் சரிபார்க்க வேண்டும். ஒரே அளவு ரயர் உள்ள வண்டிகளுக்குப் பொதுவாக ஒரு ரியூப், ஒரு பிளக், ஒரு கிளச் கேபிள், காற்றடிக்கும் பம்ப் ஆகியவற்றை ஒருவர் சுமந்தால் போதுமானது. சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றும் கையிலிருக்கட்டும்; பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். வழி தெரிந்தவர் முன்னே, அனுபவம் குறைந்தவர் அவருக்கு அடுத்ததாக, கருவிப்பை வைத்திருப்பவர் கடைசியாகச் செல்வதே நல்ல ஒழுங்கு. திரும்பும் சந்தி ஒவ்வொன்றிலும் பின்னால் வருபவரின் விளக்கு தெரியும்வரை நின்று செல்ல வேண்டும் என்பதைத் தவிர வேறு விதி தேவையில்லை.

காலை 6 மணிக்குக் கோணேசர் கோயிலில் தொடங்குங்கள். பிரெடரிக் கோட்டைக்குள் மான்கள் வீதியிலேயே திரிவதால் மெதுவாகவே ஏற வேண்டும். போர்த்துக்கேயர் 1620களில் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கட்டிய கோட்டை இது. வாயிலில் இரட்டை மீன் சின்னமும், குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பிரிப்பார்கள் என்று கூறும் தமிழ்ப் பாட்டின் சிதைந்த எழுத்துகளும் உள்ளன. இந்தப் பெயரை மறக்காதீர்கள். அடுத்த 40 கிலோமீற்றரும் அவனுடைய கதைதான்.

கன்னியாவுக்கு அனுராதபுர வீதியில் சிறிது தூரம் போக வேண்டும். ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அருகருகே இருந்தும் ஒவ்வொன்றின் சூடும் சற்று வேறுபடும். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதிகம்; இன்றும் இறந்தவர்களுக்குக் கிரியை செய்ய வரும் குடும்பங்களைக் காலையில் காணலாம் என்பதால், அங்கே கூச்சலும் படமெடுப்பும் வேண்டாம்.

பின்னர் கண்டி வீதிக்கு வந்து, தம்பலகாமம் சந்தியில் உள்ளே திரும்பினால் வயல்களின் நடுவே ஆதிகோணநாயகர் கோயில். மலைக்கோயில் இடிபட்டபோது மறைத்துக் காப்பாற்றப்பட்ட திருவுருவங்கள் இங்கே வந்து சேர்ந்தன என்பது ஊரார் வழிவழியாகச் சொல்வது. இந்த வயல்களுக்குத் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. கோயில் நிலங்களை விளைவிக்கவே குளக்கோட்டன் அந்தக் குளத்தைக் கட்டினான் என்கிறது கோணேசர் மரபு. 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கிரபோதி கட்டினான் என்கிறது வரலாறு. எது சரியென்று நண்பர்கள் வாதிட்டுக்கொள்ளலாம். கோயில், வயல், குளம் என்று தண்ணீரை எதிர்த்து மேலே போகும் இந்த வரிசையில் பார்க்கும்போதுதான் ஓர் அரசனின் பெயர் ஏன் குளத்தையும் கோட்டத்தையும் (கோயிலையும்) சேர்த்துச் சொல்கிறது என்பது விளங்கும்.

கந்தளாய்க் குளக்கட்டில் வண்டியை நிறுத்தி அரை மணி நேரமாவது இருங்கள். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி இக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சோழர் காலத்தையொட்டிய தமிழ்க் கல்வெட்டுகளில் இவ்வூர் சதுர்வேதிமங்கலம் என்று வருகிறது. பிராமணர் குடியிருந்த ஊர் என்பது இதன் பொருள். தாங்கி பாதி நிறைந்திருந்தாலும் இங்கே பெற்றோல் அடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அல்லை–கந்தளாய் வீதி. இதனால்தான் கந்தளாயை முற்பகலிலேயே முடிக்கவேண்டும். பின்னேரமானால் இப்பக்கத்தில் யானைகள் வீதிக்கு வரும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நின்று வண்டியைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். ஹோர்ன் அடிக்கவோ பக்கத்தால் வெட்டிச் செல்லவோ முயலக்கூடாது. சேருநுவரவை அடுத்துள்ள சேருவில விகாரை காவன்திஸ்ஸ மன்னன் பெயரோடு இணைந்த பழைய தூபி. காலணியைக் கழற்றி ஒருமுறை சுற்றி வந்தால் போதும், வெயில் நேரத்தில் கல் சுடும்.

மதிய உணவை மூதூர்வரை தள்ளிப்போடுங்கள். மீன் கறியும் சோறும், அதன்பின் சட்டித் தயிரும் பாணியும்: இதற்காகவே இவ்வழியை இரண்டாம் முறை ஓடியவர்கள் உண்டு. இக்கரையில்தான், பாய்மரம் முறிந்து கொட்டியாரக் குடாவுக்குள் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலின் ஆட்களை இரண்டாம் இராசசிங்கனின் வீரர்கள் 1660இல் பிடித்தனர். அவர்களுள் ஒருவரான றொபேட் நொக்ஸ் தப்பிச் செல்ல 1679 ஆயிற்று.

மூதூரிலிருந்து கிண்ணியா நோக்கி மேற்கே ஓடும்போது சாயும் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். எனவே தலைக்கவசக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். வழியில் மகாவலி கங்கை கடலோடு சேரும் பகுதியைப் பாலத்தின் மேலாகக் கடப்பீர்கள். முன்பு இத்துறைகளை மிதவையில் கடந்தார்கள். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தை இப்போது ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். பாலத்தின் மேல் படமெடுக்க நிறுத்தாமல், தாண்டிய பின்னர் ஓரத்தில் நின்று ஆட்களை எண்ணிக்கொள்ளுங்கள். அங்கிருந்து நகரம் அரை மணி நேரத்துக்குள்தான்; மாடுகள் பட்டிக்குத் திரும்பும் வேளை என்பதால் வேகத்தை மட்டும் 40க்கு மேல் ஏற்றவேண்டாம்.