தனியாகப் புதுச்சேரிக்கு ஒரு நாள்: கடலூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே நம்மில் பலர் ஆஸ்பத்திரிக்கும் துணி எடுக்கவும் மட்டும் அங்கே போய் வருகிறோம். பொழுதுபோக்குக்கென்று ஒரு நாளை ஒதுக்கித் தனியாகப் போனவர்களும் அலுத்துப்போய்த் திரும்புவதைப் பார்க்கிறேன். முதல் இரண்டு முறை நானும் அப்படித்தான் திரும்பினேன். ஊரில் குறை இல்லை. நாளைப் பிரித்துக்கொண்ட விதத்தில்தான் குறை.

வீட்டார் தரும் வேலைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதுதான் முதல் தவறு. “போவதுதான் போகிறாய், அப்படியே நேரு வீதியில் இரண்டு மீட்டர் லைனிங் துணி” என்பார் அண்ணி. பக்கத்து வீட்டு அக்கா ரிப்பேருக்கு ஒரு மிக்ஸி ஜாரைக் கொடுத்துவிடுவார். நான் அந்த ஜாரைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருக்கிறேன். கண் அலையில் இருந்தது, மனம் கடை சாத்தும் நேரத்தில் இருந்தது. அதன் பிறகு “இன்று வேலையாகப் போகவில்லை, எனக்காகப் போகிறேன்” என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

நாளையே கெடுக்கும் தவறு, தாமதமாகக் கிளம்புவது. சமைத்து, குளித்து, பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்தால் பன்னிரண்டுக்கு இறங்குவோம். புதுச்சேரி கண்ணயரும் வேளை அது. மணக்குள விநாயகர் கோயில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். அரவிந்தர் ஆசிரமத்திலும் மதிய இடைவேளை உண்டு. கடைகளில் பாதி ஷட்டரை இறக்கியிருக்கும். சித்திரை வெயிலில் ஒருமுறை அந்த நேரத்தில் பிரெஞ்சுக் குடியிருப்புத் தெருக்களில் நடந்தேன். மஞ்சள் சுவர்களின் சூடு முகத்தில் அடித்தது. படத்தில் அவ்வளவு அழகாகத் தெரிகிற காகிதப்பூக் கொடிக்கு அடியில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

ஆகவே விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அதற்குள் போய்ச் சேர்ந்தால் நடுச்சாலையிலேயே நடக்கலாம். காந்தி சிலையைச் சுற்றியுள்ள கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. எதிரே 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம். கூட்டத்தோடு வந்தால் எல்லாரும் படம் எடுத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். தனியாக வந்தவர் ஒரு தூணின் செதுக்கலைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்கலாம், கேட்க ஆள் இல்லை.

வெயில் ஏறுவதற்குள் ஈசுவரன் தருமராஜா கோயில் வீதிக்குப் போங்கள். பாரதி குடியிருந்த வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. 1908-இல் புதுச்சேரிக்கு வந்தவர் பத்தாண்டுகள் இங்கே இருந்தார். 1918 நவம்பரில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் ஆங்கிலேய அரசு அவரைக் கைது செய்து நம் கடலூர்ச் சிறையில்தான் வைத்தது. நாம் சாவகாசமாகக் கடந்து வருகிற எல்லை அது. அந்த வீட்டுக் கூடத்தில் நிற்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் இது நினைவுக்கு வரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடப் பறப்பது இன்னொரு தவறு. ஆரோவில், புதுச்சேரிக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டருக்கு மேல்; அங்குள்ள தியான மண்டபமான மாத்ரி மந்திரின் உள்ளே போக முன்பதிவு வேண்டும். அதற்கு இன்னொரு நாள் வையுங்கள். சுண்ணாம்பாறு படகுத்துறை நாம் வரும் கடலூர்ச் சாலையிலேயே, நோணாங்குப்பத்தில் இருக்கிறது. படகில் போகும் ஆசை இருந்தால் வழியிலேயே இறங்கிவிடுங்கள், ஊருக்குள் போய்விட்டு ஆட்டோவில் திரும்பி வராதீர்கள். அரிக்கமேட்டுக்குப் போய் “வெறும் செங்கல் சுவர்தானே” என்று ஏமாந்தவர்களும் உண்டு. ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகம் அது; 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த இடம். அங்கே கிடைத்த மணிகளையும் பானை ஓடுகளையும் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை.

மதியம் சாப்பாட்டுக்கும் சினிமாவுக்கும் உரியது. தனியாகச் சாப்பிடக் கூசிக்கொண்டு இரண்டு பிஸ்கட்டில் பொழுதை ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மீன் சாப்பாட்டுக்குப் பேர்போன ஊரில் யாருக்காகக் கூச வேண்டும்? பன்னிரண்டரைக்கே போய்விட்டால் கூட்டம் இராது, மறுசோறும் குழம்பும் கேட்காமலே வரும். தனியாக வருகிறவர்களுக்கு உள்ள ஒரே சிக்கல் கைகழுவும் நேரம். பையை நாற்காலியில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். குறுக்காக மாட்டும் சின்னப் பையாக இருந்தால் எச்சில் கையோடு அதைத் தொட வேண்டியதே இல்லை. பணத்தையும் போனையும் அதிலேயே வைத்துவிடலாம்.

சினிமாவுக்கு மாலைக் காட்சியைத் தேர்ந்தெடுப்பதும் தவறுதான். படம் முடியும்போது இருட்டிவிடும், கடற்கரையும் கைநழுவும், கடைசி அரைமணி நேரமும் கண் கடிகாரத்தில் இருக்கும். இரண்டரை மணிக் காட்சிக்குப் போனால் வெயிலுக்கு நிழல், காலுக்கு ஓய்வு. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சேர்ந்தாற்போல் நான்கு இருக்கை கிடைக்காத நாளிலும், நடு வரிசையில் ஒற்றை இருக்கை காலியாக இருக்கும். பக்கத்தில் யாரும் கதையை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அழுகை வந்தால் அழலாம்.

ஆட்டோவில் ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். கடற்கரைச் சாலையின் கருங்கற்களில் படம் எடுக்க இறங்க வேண்டாம். பாசி வழுக்கும், தனியாக வந்தவர் விழுந்தால் கைகொடுக்க ஆள் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள் காந்தி வீதிச் சந்தையில் சுற்றலாம், ஆனால் அன்று திரும்பும் பஸ்ஸில் நெரிசல் அதிகம்.

கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று ஐந்தரைக்கு வந்து காத்திருப்பவர்களையும் கண்டிருக்கிறேன். நம்முடையது கிழக்குக் கடற்கரை. சூரியன் முதுகுப் பக்கம், ஊருக்குள் போய்த்தான் மறையும். அதைவிடப் பெரிய காட்சி ஒன்று நமக்கு உண்டு. பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையை ஒட்டியே நிலவு கடலிலிருந்து எழும். முதலில் செம்மண் நிறத்தில் ஒரு கீற்றுத் தெரியும், அது வெளுத்து மேலேறும்போது தண்ணீரில் ஒரு பாதை விழும். காலண்டரைப் பார்த்து அந்த நாளையே தேர்ந்தெடுங்கள்.

ஏழு, ஏழரைக்குள் பஸ் ஏறிவிடுங்கள், கடைசி வண்டி வரை இழுக்காதீர்கள். இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் என்று நிலவு கூடவே வரும். ஆல்பேட்டைக்கு முன்னால் பெண்ணையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது, ஆற்றில் தண்ணீர் இருந்தால் கீழேயும் ஒரு நிலவைப் பார்க்கலாம்.